மூச்சடக்கி மூழ்குவோரின் தலைச்சுற்றல்

பசிபிக் பெருங்கடலின் நடுவே, பிரெஞ்சுப் பொலினீசியாவின் துவமோட்டுத் தீவுக்கூட்டத்தில், காயலை வளையமாய்ச் சூழ்ந்து கிடக்கும் பவளத்தீவுகளுள் ஒன்று ஹிக்குவேரு. அக்காயலில் கருநிற முத்துச்சிப்பி மிகுதியாய் விளைந்தது. சிப்பியின் ஓடு பொத்தான் செய்வதற்கு விலைபோன காலத்தில், பருவந்தோறும் சுற்றுத் தீவு மக்கள் அங்கே திரண்டனர். ஈயக் குண்டு கட்டிய கயிற்றைப் பற்றி 30 மீட்டருக்கும் கீழே இறங்குவர். ஏறத்தாழ 2 நிமிடம் மூச்சடக்கிச் சிப்பி பறிப்பர். மேலே வந்து சில நிமிடம் இளைப்பாறி மீண்டும் இறங்குவர். மணிக்கு 6 முதல் 14 முறை வரை, நாள் முழுதும் இதே உழைப்பு. வேலையின் இடையிலோ முடிவிலோ சிலருக்குத் தலை சுற்றும், குமட்டும், காரணமற்ற அச்சம் நெஞ்சைக் கவ்வும். சிலர் கைகால் விளங்காமல் கிடப்பர். இந்நோய்க்கு அவர்கள் இட்ட பெயர் தரவானா.

அமெரிக்க முக்குளிப்பாளர் ஈ. ஆர். கிராஸ் அங்கே திரட்டிய செய்திகளை 1965இல் வெளியிட்டார். ஒரே நாளில் நீரில் இறங்கியோர் 235 பேர். அவர்களுள் 47 பேரைத் தரவானா தாக்கியது. 34 பேருக்குத் தலைச்சுற்றலும் குமட்டலும். 6 பேருக்கு முழுதாகவோ பகுதியாகவோ வாதம். 3 பேர் நினைவிழந்து மீட்கப்பட்டனர். 2 பேரின் மனநிலை குலைந்தது. 2 பேர் மாண்டனர். இவ்வெண்களைக் கடந்து செல்ல எனக்கு மனம் வருவதில்லை. தலைச்சுற்றலோடு தப்பியவர்களும் உயிரிழந்தவர்களும் ஒரே காயலில் ஒரே முறையில் உழைத்தவர்கள். அந்தத் தலைச்சுற்றலைக் களைப்பென்று ஒதுக்குவதா, சாவின் வாயிலென்று கொள்வதா?

விடை காண முதலில் செவிக்குள் புக வேண்டும். கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இருமடங்காகிறது. செவிப்பறைக்குப் பின்னே நடுச்செவியில் சிறிதளவு காற்று உண்டு. அழுத்தம் ஏற ஏற அது சுருங்கும். அதை ஈடுசெய்யவே முக்குளிப்போர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதி, யூஸ்டேசியன் குழல் வழியே தொண்டையிலிருந்து காற்றைச் செலுத்துகின்றனர். மேலேறும்போதோ அக்காற்று விரிந்து அதே குழல் வழியே தானாக வெளியேற வேண்டும். சளியாலோ வீக்கத்தாலோ ஒரு பக்கக் குழல் திறக்கத் தாமதித்தால், ஒரு செவியில் அழுத்தம் தங்கிவிடும். மறு செவியில் தணிந்துவிடும். நடுச்செவிக்கும் உட்செவிக்கும் இடையிலுள்ள மெல்லிய பலகணிகள் அவ்வேறுபாட்டை உட்செவி நீர்மத்துக்குக் கடத்துகின்றன. ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் நீர்மட்டத்தின் அழுத்தத்துக்கு ஈடான வேறுபாடே இதற்குப் போதும்.

இரு செவிகளும் அனுப்பும் செய்திகளை ஒப்பிட்டே மூளை உடலின் நிலையை அறிகிறது. ஒரு பக்கம் மட்டும் கிளர்ந்தெழுந்தால் உடல் சுழல்வதாக அது முடிவு செய்துவிடும். தட்டாமாலை சுற்றி நின்ற பிள்ளைக்கு மண் சுழல்வது போல, அசையாமல் மிதப்பவருக்குக் கடல் சுழலும். கண்மணிகள் ஒரு புறமாய் மெல்ல நகர்ந்து, வெடுக்கென மீண்டு, மறுபடி நகரும். எதிரே செங்குத்தாய்த் தொங்கும் கயிறு சாய்ந்து சாய்ந்து விழுவதாய்த் தோன்றும், குடல் புரளும். பிறகு செவிக்குள் கீச்சென்றொரு ஒலி எழும், சிக்கிய காற்று வெளியேறும், சில நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ எல்லாம் நேராகும். சுவீடன் நாட்டு அறிஞர் கிளேஸ் லுண்ட்கிரென் இதை முக்குளிப்போருக்குரிய தனி இடர் என்று விளக்கி எழுதியதும் அதே 1965இல்தான். தலைச்சுற்றல் தானே தணியக்கூடியது. ஆனால் நீருக்கடியில் மேல் எது கீழ் எது என்று அறியாமல் ஒருவர் தடுமாறும் அந்தச் சில நொடிகள் உயிரைக் குடிக்கக்கூடும். கயிற்றைக் கைவிடாதவர் பிழைப்பார்.

குளிர்ந்த நீர் ஒரு செவிக்குள் மட்டும் புகுந்தாலும் இதே சுழற்சி தோன்றும். செவிக்குள் செலுத்தும் நீரின் வெப்பம் சமநிலை உறுப்பைக் கிளர்த்தும் வகையை ஆராய்ந்த ராபர்ட் பாராணி 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார். அலைத் தாலாட்டும், விழுங்கிய உப்புநீரும் குமட்டலைத் தருவன. அவை பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. அடைத்த செவியை வலிந்து ஊதித் திறக்க முயன்று உட்செவிப் பலகணியைக் கிழித்துக்கொள்வது வேறு வகை. தலைச்சுற்றலோடு செவியில் இரைச்சலும் கேள்விக் குறைவும் சேர்ந்து மணிக்கணக்கில் நீடித்தால் செவி மருத்துவரிடம் உடனே செல்ல வேண்டும்; மீண்டும் ஊதிப் பார்க்கவே கூடாது.

ஆயினும் ஹிக்குவேருவில் கைகால் முடங்கியதைச் செவி விளக்காது. மேலேறும்போது உயிர்வளி குறைந்து மயங்குவதும் உண்டு. அது நீர்மட்டத்தை நெருங்கும்போதோ எட்டிய உடனேயோ வரும், நல்ல மூச்சு சில இழுத்தால் விலகும். தரவானா அவ்வாறு விலகவில்லை.

போல் எரிக் பாவ்லெவ் என்னும் டேனிய மருத்துவர், நார்வேயின் பெர்கன் நகரில் நீர்மூழ்கிப் படையினர் தப்பிக்கப் பழகும் ஆழ்தொட்டியில், ஏறத்தாழ 5 மணி நேரத்தில் 60 முறை மூச்சடக்கி இறங்கினார். ஆழம் 20 மீட்டர் அளவே. இடையில் ஓய்வு மிகக் குறைவு. இடுப்பில் வலி தொடங்கியது. பின்னர் குமட்டலும் தலைச்சுற்றலும் வந்தன. பார்வை மங்கியது, கை வலுவிழந்தது. அழுத்த அறைக்குள் வைத்து மீண்டும் அழுத்தம் ஏற்றியபோது நோய் நீங்கியது. அழுத்தம் ஏற்றினால் நீங்கும் நோய் என்றால் அதன் வேர் குருதியில் எழுந்த வளிக்குமிழிகளே. தம் உடலில் நேர்ந்ததை அவர் 1965இல் பதிவு செய்தார்.

காற்றுக்குப்பி சுமந்து மூழ்குவோர்க்கே நைட்ரசன் குமிழி நோய் வரும், ஒரு மூச்சோடு இறங்குவோர்க்கு அது வாராது என்ற நம்பிக்கை நெடுங்காலம் இருந்தது. ஒரு முறை மூழ்குவதை மட்டும் கணக்கிட்டால் அது ஏறக்குறைய சரி. 30 மீட்டரில் அழுத்தம் 4 மடங்கு. நுரையீரலில் இருந்த 6 லிட்டர் காற்று ஒன்றரை லிட்டராய்ச் சுருங்கும். நைட்ரசன் குருதிக்குள் நெருக்கித் தள்ளப்படும். 2 நிமிடத்தில் கரைவது சிறிதே. அச்சிறிது வெளியேற நேரம் வேண்டும். அந்த நேரம் தராமல் அடுத்த முறை இறங்கினால் எஞ்சியதன்மேல் புதியது சேரும். மேலும் ஒரு கேடுண்டு. நாளங்களில் எழும் நுண்குமிழிகளை நுரையீரல் வடிகட்டி நிறுத்துகிறது. உடனே மீண்டும் மூழ்கினால் நின்ற குமிழிகள் நசுங்கிச் சிறுத்து அவ்வடிகட்டியைக் கடந்து மூளைக்குச் செல்லும் தமனிகளில் கலந்துவிடக்கூடும் என்று கருதுகின்றனர். ஜப்பானின் மிஷிமா தீவில் முக்குளித்து வாழும் அமாக்கள் சிலரின் மூளையில் குருதி தடைப்பட்ட வடுக்களைக் எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஒத்ததிர்வுப் படம் காட்டியிருக்கிறது.

கிராஸின் பதிவுகளுள் என்னை மிகவும் ஈர்ப்பது மங்கரேவா பற்றிய குறிப்பு. துவமோட்டுக்குத் தென்கிழக்கே காம்பியர் தீவுகளில் உள்ள அவ்வூராரும் இதே சிப்பிக்காக மூழ்கியவர்களே. ஒவ்வொரு முறைக்கும் இடையே 12 முதல் 15 நிமிடம் நீர்மேல் தங்குவது அவர்கள் வழக்கம். அவர்களிடையே தரவானா இல்லை. நைட்ரசனின் கணக்கு அறியாமலே, அக்கணக்குக்கு இசைந்து அவர்கள் வாழ்ந்தனர். இக்காலத்தில் மூழ்கிய நேரத்தைப் போல் குறைந்தது இருமடங்கு நேரமாவது மேலே இருக்க வேண்டும், ஆழம் மிகுந்தால் இன்னும் கூடுதலாக, என்று முக்குளிப்போர்க்குக் கற்பிக்கின்றனர். குமிழி நோய் வர மிக ஆழத்தில் ஒரே முறை மூழ்குவதும் போதும் என்பதை 2012இல் கிரேக்கத்தின் சாண்டோரினி அருகே கண்டோம். ஆஸ்திரியரான ஹெர்பர்ட் நிட்ச் 253 மீட்டர் சென்று மீண்டபின் குமிழிகளால் மூளை பாதிக்கப்பட்டு நெடுநாள் துன்புற்றார்.

ஆகவே கேட்க வேண்டியவை இரண்டு: தலைச்சுற்றல் எப்போது தொடங்கியது, எவ்வளவு நீடித்தது? ஏறும்போதே தொடங்கிச் செவி திறந்ததும் அடங்கினால் அது செவியின் வேலை. பலமுறை மூழ்கிய நாளில், மேலே வந்தபின் தொடங்கி வளர்ந்தால், அதிலும் மரமரப்போ பேச்சுக் குழறலோ பார்வை மங்கலோ சேர்ந்தால், அது குருதியின் குரல். அவர் மீண்டும் நீரில் இறங்கலாகாது. தூய உயிர்வளி கொடுத்து அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மன்னார் வளைகுடாவிலும் கல்லைப் பற்றி இறங்கி முத்தும் சங்கும் எடுத்த மரபு நெடியது. இன்று தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிப்போர் பலர் படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே காற்றைச் சுவாசித்தபடி நெடுநேரம் அடியில் தங்குகின்றனர். மூச்சடக்கி இறங்கிய முன்னோரைவிட அவர்கள் உடலில் கரையும் நைட்ரசன் பன்மடங்கு. கரையேறியபின் தலை சுற்றிப் படுத்துக்கொண்டவரை வெயில் மயக்கமென்றோ பித்தமென்றோ விட்டுவிடாமல் இருக்க, ஒவ்வொரு படகிலும் ஓர் உயிர்வளி உருளையும், இறங்கிய நேரத்தையும் ஏறிய நேரத்தையும் குறித்துவைக்க ஓர் ஆளும் வேண்டும்.