கன்னத்து மச்சம் எங்கே?

கல்யாணப் பேச்சு தொடங்கியதும் வீட்டில் எழும் முதல் கேள்வி: "பெண்ணின் போட்டோ இருக்கிறதா?"

உடனே ஸ்டூடியோவுக்குப் போவார்கள். மயிலாப்பூர் லஸ் முனையானாலும் சரி, தியாகராய நகர் பாண்டி பஜாரானாலும் சரி, எடுத்த படம் அப்படியே கைக்கு வருவதில்லை. "டச்சிங்" செய்வார்கள். பரு மறையும். கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையம் மறையும். சில சமயம் பெண்ணே மறைந்துவிடுவாள்!

சென்னைக்குப் போட்டோ புதிதல்ல. 1857-லேயே இங்கே போட்டோக் கலைக்கு ஒரு சங்கம் ஏற்பட்டது. பின்னர் மவுண்ட் ரோடில் ஜெர்மானியரின் "கிளைன் அண்டு பேயர்ல்" ஸ்டூடியோ புகழ்பெற்று விளங்கியது.

பென்சில் வேலை

கம்ப்யூட்டர் வருமுன் டச்சிங் பென்சிலால் நடந்தது. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். கருப்பு வெளுப்பாகத் தெரியும், வெளுப்பு கருப்பாகத் தெரியும். அம்மைத் தழும்பின் குழியில் விழுந்த நிழல், நெகட்டிவில் வெளிறிய புள்ளியாக இருக்கும். சாய்வு மேசையில் நெகட்டிவை வைப்பார்கள். கீழே உள்ள கண்ணாடி ஜன்னல் வெளிச்சத்தை வாங்கி மேலே அனுப்பும். பென்சில் ஒட்டுவதற்காக ஒருவித வார்னிஷைத் தடவி, ஊசி போலச் சீவிய பென்சிலால் புள்ளியை நிரப்புவார்கள். படம் போட்டால் தழும்பு இருந்த இடம் தெரியாது. கை மிஞ்சினால் முகம் மாவு பூசினாற்போல் ஆகிவிடும்!

இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது 1975-ல்தான். அதுவரை எத்தனையோ வீடுகளில் தழும்பு விழுந்த முகங்கள்! அந்தப் பெண்களுக்குப் பென்சில் செய்த உதவியைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

உயிரோடு இருந்தபோது படமே எடுத்துக்கொள்ளாத பாட்டியை, இறந்த பிறகு படம் பிடித்து, கண் திறந்திருப்பது போல் வரைந்து, கூடத்தில் மாட்டியதும் உண்டு.

அங்க அடையாளம்

மச்சம் விஷயம் வேறு. பள்ளிச் சான்றிதழில் "அங்க அடையாளம்" என்று ஓர் இடம் உண்டு. "வலது கன்னத்தில் ஒரு மச்சம்" என்று எழுதியிருப்பார்கள். படத்தில் மச்சம் இல்லை. எது பொய்? பாஸ்போர்ட் படத்தில் முகத்தை மாற்றவே கூடாது.

1990-ல் போட்டோஷாப் வந்தது. இப்போது கைப்பேசியே, கேட்காமலே, முகத்தை மெழுகிவிடுகிறது. மாநிறப் பெண் எலுமிச்சம்பழ நிறமாகிறாள். மாப்பிள்ளைக்கோ வழுக்கையில் முடி முளைக்கிறது!

படத்தை நம்பி மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பஜ்ஜி, சொஜ்ஜி தயார். பெண் காபித் தட்டுடன் வருகிறாள். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தப் பார்வையைத் தாங்க வேண்டியவர் ஸ்டூடியோக்காரர் அல்ல, அந்தப் பெண்!

பிரான்சில் 2017 முதல் ஒரு சட்டம். விளம்பரப் படத்தில் மாடல் அழகியின் உடலை ஒல்லியாக்கினால், "திருத்திய படம்" என்று அச்சிட வேண்டும். நம் கல்யாணப் படங்களுக்கு அப்படி எழுத யார் இருக்கிறார்கள்?

அடுத்த வாரம் தானே போகிற பருவைத் துடைக்கட்டும். மச்சமும் மூக்கும் நிறமும் அப்படியே இருக்கட்டும். படம் எடுக்கும்போதே, "டச்சிங் இல்லாமல் ஒரு காப்பி வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். தரகரிடம் கொடுக்க வேண்டியது அதைத்தான்.