சிக்கிக்கொண்ட தோட்டா

துப்பாக்கியைப் பற்றிய கட்டுரை என்றதும், "இது ஆண்கள் சமாசாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்தக் கதையில் போர்க்களம் எவ்வளவு வருகிறதோ, அவ்வளவு வீடும் வருகிறது. பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டுத் தபால்காரனை எதிர்பார்த்து நின்ற தாய்மார்களும் வருகிறார்கள்.

1967-ம் வருஷம் மே மாதம். அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாநிலத்துப் பத்திரிகை ஒன்றில் ஒரு கடிதம் பிரசுரமாயிற்று. வியட்நாம் போர்முனையிலிருந்து ஒரு சிப்பாய் எழுதியது. தங்கள் பிரிவில் எழுபத்திரண்டு பேர் போனதாகவும், பத்தொன்பது பேர்தான் திரும்பியதாகவும் அதில் கண்டிருந்தது. அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது எது தெரியுமா? தங்கள் சொந்தத் துப்பாக்கியேதான் என்று அந்தப் பையன் எழுதியிருந்தான்! இறந்து கிடந்தவர்களின் பக்கத்தில் அவரவர் துப்பாக்கி பிரிந்து கிடந்ததாம். எதிரி நெருங்கி வரும்போது, சிக்கிக்கொண்ட தோட்டாவை எடுக்கப் போராடியபடியே உயிரை விட்டிருக்கிறார்கள்.

அந்தத் துப்பாக்கியின் பெயர் எம்-16. யூஜின் ஸ்டோனர் என்ற நிபுணர் வகுத்த அமைப்பு. பழைய ராணுவத் துப்பாக்கியைவிட எடை குறைவு, தோட்டாவும் சிறியது. ஒரு சிப்பாய் அதிகத் தோட்டாக்களைச் சுமந்து செல்லலாம். ஆரம்பத்தில் நடந்த சோதனைகளில் நல்ல பெயரே வாங்கியது. அப்படியிருக்க, போர்க்களத்துக்குப் போனதும் அதற்கு என்ன வந்தது?

இட்லித் தட்டும் துப்பாக்கியும்

இதைப் புரிந்துகொள்ள நம் சமையலறையே போதும். வெந்த இட்லியை ஆவி பறக்கப் பறக்கத் தட்டிலிருந்து எடுத்தால் என்ன ஆகிறது? பாதி கையோடு வரும். பாதி குழியிலேயே ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் ஆறவிட்டால் தானாகவே கழன்று வரும். குழி சொரசொரப்பாக இருந்துவிட்டாலோ, ஆறிய இட்லிகூடச் சண்டை செய்யும்.

தோட்டாவின் கதையும் இதேதான். தோட்டா என்பது ஒரு பித்தளைக் கூடு. அதற்குள் வெடிமருந்து, நுனியில் குண்டு. சுட்டவுடன் மருந்து எரிந்து, அந்த அழுத்தத்தில் பித்தளைக் கூடு விரிந்து, தோட்டா அறையின் சுவரோடு அழுந்தி ஒட்டிக்கொள்கிறது. குண்டு குழலை விட்டு வெளியேறி அழுத்தம் தணிந்ததும், கூடு சற்றே சுருங்கிப் பிடியைத் தளர்த்துகிறது. அந்தச் சமயம் பார்த்து ஒரு சின்னக் கொக்கி அதன் விளிம்பைப் பிடித்து வெளியே இழுத்துப் போட வேண்டும். அடுத்த தோட்டா உள்ளே வரவேண்டும். இத்தனையும் கண் இமைக்கும் நேரத்துக்குள்!

எம்-16-ல் இந்த வேலைகளைச் செய்வது, எரிந்த மருந்தின் புகையேதான். குழலிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாகப் புகை பின்னால் வந்து, இயந்திரத்தைத் தள்ளுகிறது. ஆகவே மருந்து எப்படி எரிகிறதோ, அப்படித்தான் துப்பாக்கியும் ஓடும்.

மாறியது மருந்து

துப்பாக்கியை வகுத்தபோது, ஒருவகை மருந்தை மனத்தில் வைத்தே அளவுகளைப் பொருத்தியிருந்தார்கள். 1964-ல் ராணுவ அதிகாரிகள் வேறு வகை மருந்துக்கு மாறினார்கள். அது உருண்டை உருண்டையான மணி மருந்து. அதன் வேகத்தில் இயந்திரம் அளவுக்கு மீறி விரைந்து ஓடியது. கூடு சுருங்குமுன்பே கொக்கி இழுத்தது. விளைவு, ஆறாத இட்லியின் கதி! கொக்கி விளிம்பைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். கூடு உள்ளேயே நிற்கும். போதாக்குறைக்கு, அந்த மருந்தில் கலந்திருந்த சுண்ணாம்புப் பொருள் புகைக் குழாயில் படிந்து அடைத்தது.

அடுத்தது, தட்டின் சொரசொரப்பு. தோட்டா அறைக்கு அப்போது குரோமியப் பூச்சு கிடையாது. வியட்நாமின் மழையும் ஈரமும் சும்மா விடுமா? துரு அரித்து, சின்னச் சின்னக் குழிகள் விழுந்தன. பித்தளைக் கூடு அவற்றில் கவ்விக்கொண்டது. அப்புறம் குழலின் வாய் வழியாக ஒரு கம்பியை விட்டுக் குத்தித்தான் தள்ள வேண்டும்.

கம்பி இருந்தால்தானே? சுத்தம் செய்யும் சாமான்கள் போதிய அளவில் போய்ச் சேரவில்லை. "இந்தத் துப்பாக்கியைத் துடைக்கவே வேண்டாம்" என்ற பேச்சு வேறு பட்டாளத்தில் பரவியிருந்தது. சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதினார்கள். பலகாரம் கேட்டல்ல, எண்ணெயும் துடைக்கும் கம்பியும் கேட்டு! கடல் கடந்து போரிடும் பிள்ளைக்கு அவற்றைப் பொட்டலம் கட்டி அனுப்பிய குடும்பங்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

பரீட்சைக்கு ஒன்று, போருக்கு ஒன்று

விஷயம் அமெரிக்கக் காங்கிரஸை எட்டியது. ரிச்சர்ட் ஐகார்ட் என்ற அங்கத்தினர் தலைமையில் ஒரு குழு 1967-ல் விசாரித்தது. அப்போது வெளிவந்த ஒரு சேதி திடுக்கிட வைப்பது. புது மருந்தை உபயோகித்தால் துப்பாக்கி வேகப் பரீட்சையில் தேறவில்லை. ஆகவே தொழிற்சாலையில் நடக்கும் பரீட்சைக்குப் பழைய மருந்துத் தோட்டாக்களை உபயோகிக்க அனுமதி கிடைத்தது. போர்க்களத்துக்கோ புது மருந்தே போய்க்கொண்டிருந்தது! பெண் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு சமையல், கல்யாணத்துக்குப் பிறகு வேறு சமையல் என்பதுபோல அல்லவா இருக்கிறது?

அந்த வருஷம் அக்டோபரில் குழுவின் அறிக்கை வெளிவந்தது. குறைகளைத் திருத்தும் அதிகாரம் இருந்தும் திருத்தாமலிருந்தது, குற்றத்துக்குச் சமமான அலட்சியத்தை ஒட்டியது என்று அது அதிகாரிகளைக் கடுமையாகச் சாடியது.

பிறகு நிவாரணம் வந்தது. தோட்டா அறைக்குக் குரோமியப் பூச்சு இட்டார்கள். இயந்திரத்தின் வேகத்தை மட்டுப்படுத்தும் பாகத்தை மாற்றினார்கள். மருந்தில் சுண்ணாம்பின் அளவைப் பின்னால் குறைத்தார்கள். துடைக்கும் சாமான்கள் வந்து சேர்ந்தன. 1968-ல் பிரபல சித்திரக்காரர் வில் ஐஸ்னரைக் கொண்டு, துப்பாக்கியைப் பராமரிக்கும் முறையை வண்ணச் சித்திரக் கதையாகவே வெளியிட்டார்கள். தடித்த புத்தகத்தைத் தொடாத பையன்களும் படம் பார்த்துப் படிப்பார்கள் அல்லவா?

அதே அமைப்பில், அதே தோட்டாவைச் சுடும் குட்டைக் கைத்துப்பாக்கிகளும் இன்று அமெரிக்காவில் விற்கின்றன. குழல் குட்டையானால் புகை இன்னும் சீக்கிரமே, இன்னும் அதிக அழுத்தத்தோடு பின்னால் வரும். ஆகவே அங்கேயும் சிக்கல் வந்தால், தேர்ந்த பழுதுபார்ப்பவர் முதலில் கவனிப்பது அதே நாலு இடங்களைத்தான்: தோட்டா, தோட்டாப் பெட்டி, தோட்டா அறை, புகைவழி.

இயந்திரம் நின்றுபோனால், "ஓட்டியவனுக்குச் சாமர்த்தியம் போதாது" என்று பழி போடுவது சுலபம். வியட்நாமிலும், சிப்பாய்கள் சரியாகத் துடைக்கவில்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். பிள்ளைகளின் கடிதங்களைப் பெற்றவர்கள் பெட்டிக்குள் பூட்டி வைத்துக்கொண்டு அழுதிருந்தால், அந்தப் பேச்சே நிலைத்திருக்கும். கடிதங்கள் பத்திரிகைக்கும் மக்கள் சபைக்கும் போயின. அப்புறம்தான் மருந்தைப் பற்றிய உண்மை வெளியே வந்தது.