வரி போயிற்று, யார் கையைக் கடிக்கிறது?

பீர்க்கன்கரணையில் ஒரு குடும்பம் மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு ரூ.30,000 பிரீமியம் கட்டினால், அதன்மேல் ரூ.5,400 ஜி.எஸ்.டி.யும் அழுதுகொண்டிருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த 18 சதவீதம் அடியோடு இல்லை. சொந்தமாக எடுத்த தனிநபர், குடும்ப பாலிசிகளுக்குத்தான் இந்தச் சலுகை. தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் வேலை பார்ப்பவருக்கு கம்பெனி எடுத்துத் தரும் குரூப் பாலிசிக்கு வரி அப்படியே நீடிக்கிறது.

வரியை நீக்கச் சொல்லி 2024 ஜூலையிலேயே மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனுக்குக் கடிதம் எழுதினார். கட்கரியிடம் மனு கொடுத்தது நாக்பூர் எல்.ஐ.சி. ஊழியர் சங்கம். பிறகு அமைச்சர்கள் குழு, ஒத்திவைப்பு என்று ஓராண்டுக்கு மேல் இழுத்தது.

வரி போனால் வியாபாரம் பெருகுமே, காப்பீட்டு நிறுவனங்களுக்கு என்ன வருத்தம்? அலுவலக வாடகை, மென்பொருள், விளம்பரம், ஏஜென்ட் கமிஷன் எல்லாவற்றுக்கும் அவை ஜி.எஸ்.டி. கட்டுகின்றன. நம்மிடம் வசூலித்த வரியில் அதைக் கழித்துக்கொண்டன. 'உள்ளீட்டு வரி வரவு' என்பது இதுதான். பிரீமியத்துக்கு வரியே இல்லையென்றால் கழிக்க வழியில்லை. முழுவதும் நீக்க வேண்டாம், குறைத்தால் போதும் என்ற குரல் தொழில்துறையில் எழுந்தது இதனால்தான். வரி நீங்கியதும் பல நிறுவனங்கள் ஏஜென்ட் கமிஷனுக்குள்ளேயே அந்தச் செலவை அடக்கிவிட்டன. வீடு வீடாக ஏறி பாலிசி பிடித்தவருக்குத்தான் முதல் அடி.

காப்பீட்டு நிறுவனங்கள் அரசை நெருக்குவது அமெரிக்காவில் பகிரங்கம். 1993-ல் அதிபர் கிளின்டனின் மருத்துவத் திட்டத்தை எதிர்த்து, ஹாரி–லூயிஸ் என்ற தம்பதி வீட்டில் உட்கார்ந்து கவலைப்படும் டி.வி. விளம்பரங்களைக் காப்பீட்டு நிறுவனங்களின் சங்கம் ஓட்டியது. மறு ஆண்டே திட்டம் படுத்துவிட்டது. இங்கே மனுக்களும் ஆலோசனைக் கூட்டங்களுமே போதும். பாலிசிதாரரைப் பெரும்பாலும் யாரும் கூப்பிடுவதில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டணத்துக்கு வரம்பு கட்டச் சொல்லும்போது மட்டும் இதே நிறுவனங்கள் சீர்திருத்தவாதிகள். கேட்பது நியாயம்தான். கட்டணத்தை வரையறுக்க 2012-லேயே மத்திய விதி வந்தும் நடக்கவில்லையே என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே கடிந்துகொண்டது. அங்கே முட்டுக்கட்டை தனியார் ஆஸ்பத்திரிகள்.

மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதென்றால் முதலில் தன்னிடம் பேச வேண்டும் என 2025 ஜனவரியில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது. இளையவர்களுக்கு அந்தக் கடிவாளம் இல்லை; கழிக்க முடியாமல் போன வரியை நிறுவனங்கள் அடிப்படை பிரீமியத்திலேயே ஏற்றிவிடலாம். எனவே புதுப்பிக்கும்போது மொத்தத் தொகையைப் பார்த்து மகிழாமல், வரி சேர்க்காத அடிப்படை பிரீமியத்தைப் பழைய ரசீதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.