37 லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டிய பேரிங்

பைக் சக்கரத்தின் பேரிங் எவ்வளவு நாள் தாங்கும் என்று மெக்கானிக்கிடம் கேட்டால், "முப்பது, நாப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடும் சார், ரோட்டைப் பொறுத்தது" என்பார். அதே கேள்விக்குப் பேரிங் கம்பெனியின் கேட்லாக்கில் விடை தேடினால் தலை சுற்றும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடுத்தர பைக்குகளில் சாதாரணமாகக் காணப்படும் ஓர் அளவு 6301. உள்விட்டம் 12 மி.மீ., வெளிவிட்டம் 37 மி.மீ., அகலம் 12 மி.மீ. இதன் இயங்கு சுமைத் திறன் சுமார் 9.7 கிலோநியூட்டன், ஏறக்குறைய ஒரு டன். வண்டியும் இரண்டு பேரும் சேர்ந்து 260 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் அறுபது சதவீதம் பின்சக்கரத்தின் மேல் விழுகிறது. இரண்டு பேரிங் பங்கிட்டுக்கொண்டால் ஒன்றுக்கு 78 கிலோ. திறனைச் சுமையால் வகுத்தால் பன்னிரண்டரைக்குச் சற்று மேல். பேரிங்கின் ஆயுள் சூத்திரப்படி அதைக் கனமாக்கினால் சுமார் 2,000. பத்து லட்சம் சுற்றுகளை ஓர் அலகாகக் கொள்வது இந்தச் சூத்திரத்தின் வழக்கம். ஆக, 200 கோடிச் சுற்று. 18 அங்குல ரிம் கொண்ட சக்கரம் கிலோமீட்டருக்குச் சுமார் 530 முறை சுற்றும். வகுத்தால் 37 லட்சம் கிலோமீட்டருக்கு மேல்! நூறு பேரிங்கில் தொண்ணூறு இந்தத் தூரத்தைத் தாண்டும் என்பதுதான் இந்தக் கணக்கின் பொருள்.

சூத்திரம், 1947-இல் சுவீடனின் லுண்ட்பெர்க், பால்ம்கிரென் இருவரும் வகுத்த கோட்பாட்டிலிருந்து வந்தது. நம் ஊர்ப் பள்ளமும் மேடும் அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். நியாயம்தான். சரி, எந்நேரமும் மூன்று மடங்கு சுமை என்றே வைத்துக்கொள்வோம். ஆயுள் 27-இல் ஒரு பங்காகச் சுருங்கும். அப்போதும் 1 லட்சத்து 35 ஆயிரம் கிலோமீட்டருக்குக் குறையாது.

ஆக, பேரிங்கைக் கொல்வது பாரம் அல்ல. செத்துப்போன பேரிங்கின் சீலைப் பெயர்த்துப் பார்த்தால் கொலையாளி பெரும்பாலும் கையும் களவுமாக அகப்படுவார். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் காப்பித்தூள் நிறத்தில் ஒரு சேறு இருக்கும். தண்ணீரும் துருவும் கலந்த சேறு.

பேரிங் எஃகில் கார்பன் சுமார் ஒரு சதவீதம், குரோமியம் ஒன்றரை சதவீதம். கடினத்துக்குக் குறைவில்லை. ஆனால் துருவை எதிர்க்க எஃகில் குறைந்தது பத்தரை சதவீதம் குரோமியமாவது வேண்டும். தண்ணீர் உள்ளே போனால் ஓரிரு நாளிலேயே குண்டு ஓடும் பாதையில் துருப்புள்ளி விழத் தொடங்கிவிடும். பின்பு ஒவ்வொரு சுற்றிலும் குண்டுகள் அந்தப் புள்ளிகளின் மேல் ஏறி இறங்கும். புள்ளி குழியாகும், குழியிலிருந்து சில்லு பெயரும்.

தண்ணீர் எப்படிப் போகிறது? மழை அவ்வளவு பெரிய எதிரி இல்லை. ரப்பர் சீல் தெறிப்பைத் தாங்கும். வெள்ளத்தில் ஆக்சில் மூழ்க ஓட்டுவதும் வாட்டர் சர்வீஸும்தான் ஆபத்து. பிரேக் பிடித்துப் பிடித்து டிரம் சூடாகியிருக்கும். ஹப்புக்குள் காற்று விரிந்திருக்கும். அந்தச் சூட்டோடு குளிர்ந்த தண்ணீர் பட்டால் காற்று சுருங்கி, சீலின் உதட்டோரம் இருக்கும் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். ஜெட்டை நேராக ஆக்சில் பக்கம் பிடித்தால் உறிஞ்சவும் வேண்டாம், அதுவே போய்விடும்.

இரண்டாவது கொலையாளி சுத்தியல். இது புதுப் பேரிங் மாட்டும்போதே நடக்கும் கொலை. பேரிங் ஹப்புக்குள் இறுக்கமாக உட்கார்வது வெளி ரேஸால், அதாவது வெளி வளையத்தால். அடிக்க வேண்டியது அதன் மேல் மட்டும்தான். உள் ரேஸில் அடித்தால் அந்த அடி முழுவதும் குண்டுகள் வழியாகப் போகும். குண்டு பாதையைத் தொடுவது ஊசிமுனை போன்ற இடத்தில். குண்டின் விட்டத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு நிரந்தரப் பள்ளம் விழுவதையே நிற்கும் சுமையின் எல்லையாகப் பொறியாளர்கள் வைத்திருக்கிறார்கள். 6301-க்கு அந்த எல்லை சுமார் 430 கிலோ. ஓங்கி ஒரு போடு போட்டால் சுத்தியல் இதைச் சுலபமாகத் தாண்டிவிடும். அதனால்தான் உள் ரேஸில் தட்டிக் கழற்றிய பேரிங்கை, பார்க்க நன்றாக இருந்தாலும், திரும்பப் போடக் கூடாது.

அடியே இல்லாமல் மாட்டவும் வழி உண்டு. அலுமினியம் சூட்டில் எஃகைப்போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். 37 மி.மீ. துளையுள்ள ஹப்பை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஹாட் ஏர் கன்னால் சூடாக்கினால் துளை 0.06 மி.மீ. பெரிதாகும். பேரிங்கை இரவே பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்திருந்தால் அது 0.02 மி.மீ. சிறுத்திருக்கும். மொத்தம் 0.08 மி.மீ. ஹப்பின் பிடி வழக்கமாக இதைவிடக் குறைவு என்பதால், பேரிங் கைவிரல் அழுத்தத்திலேயே 'டொக்' என்று போய் உட்காரும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த சத்தம் அது. கேஸ் அடுப்பு, தீப்பந்தம் வேண்டாம். டயரும் பெயின்ட்டும் பாழாகும்.

இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஒரு குழாய்த் துண்டு, ஸ்பேசர், இருக்கும். ஆக்சில் நட்டை இறுக்கும்போது அந்த இறுக்கம் உள் ரேஸ், ஸ்பேசர், உள் ரேஸ் என்று நேர்கோட்டில் போக வேண்டும். எனவே முதல் பேரிங்கை அடிவரை உட்கார வைத்து, ஸ்பேசரைப் போட்டு, இரண்டாவது பேரிங்கை அது ஸ்பேசரைத் தொடும் வரை மட்டும் இறக்க வேண்டும். "இன்னும் கொஞ்சம் போகும்" என்று தட்டினால் வெளி ரேஸ் மட்டும் நகர்ந்து குண்டுகள் பக்கவாட்டில் நசுங்கும். ஸ்பேசர் தேய்ந்திருந்தாலோ, கழற்றிய இடத்திலேயே மறந்துவிட்டாலோ இதே கதிதான். மாட்டியதும் விரலை விட்டுச் சுற்றிப் பாருங்கள். கிரீஸின் மெல்லிய தடை தெரியலாம். நறநறப்போ அங்கங்கே தட்டுவதோ கூடாது.

கடையில் "முன்வீல் பேரிங் கொடுங்க" என்று கேட்பதைவிட எண்ணைச் சொல்வது நல்லது. கடைசி இரண்டு இலக்கம் உள்விட்டம்: 00 என்றால் 10 மி.மீ., 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 04 முதல் ஐந்தால் பெருக்க வேண்டும். 6202-க்கும் 6302-க்கும் ஆக்சில் துளை ஒன்றுதான், வெளிவிட்டம் 35, 42 என்று மாறும். எண்ணுக்குப் பின் இசட்இசட் என்றிருந்தால் இருபுறமும் தகரத் தட்டு. தூசியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. சக்கரத்துக்கு வேண்டியது 2ஆர்எஸ், அதாவது இருபுறமும் ரப்பர் சீல். சில கம்பெனிகள் இதையே டிடியு, எல்எல்யு என்று அச்சிடும். சி3 என்பது உள்ளே இடைவெளி கூடுதலான ரகம், தர முத்திரை அல்ல. பழையதில் இருந்தால் புதியதிலும் இருக்கட்டும். பிராண்ட் பேரிங் பாதி விலைக்குக் கிடைத்தால் மட்டும் சந்தேகப்படுங்கள். போலிப் பேரிங்கைப் பிராண்ட் பெட்டிக்குள் வைத்து விற்கும் தொழில் உலகமெங்கும் நடக்கிறது.

கிரீஸைப் பற்றி மெக்கானிக்குகளிடையே பட்டிமன்றமே நடக்கும். கிரீஸ் என்பது பெரும்பாலும் லித்தியம் போன்ற உலோகச் சோப்பின் நார்களுக்குள் பிடித்து வைத்த எண்ணெய். நிறம் பெரும்பாலும் வெறும் சாயம். மணிக்கு 80 கி.மீ. வேகத்திலும் சக்கரம் நிமிடத்துக்கு 700 சுற்றுதான் சுற்றுகிறது. பேரிங்குக்கு இது நடை வேகம். ஆகவே அதிவேகம், அதிவெப்பம் என்று டப்பாவில் எழுதியிருப்பதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. தண்ணீரைத் தாங்கும் லித்தியம் காம்ப்ளெக்ஸ், கெட்டித்தன்மை எண் 2, இது போதும். சீல் வைத்த புதுப் பேரிங்கைப் பிரித்துக் கூடுதலாக அடைப்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. கம்பெனி உள்ளே வைத்தது பாலியூரியா கிரீஸாக இருந்து நீங்கள் லித்தியத்தைக் கலந்தால், இரண்டும் ஒத்துப்போகாமல் இளகி வழிந்துவிடக்கூடும். உங்கள் கிரீஸின் இடம் ஹப்பின் வெளிச் சீல் உதடும் ஆக்சிலும். பிரேக் டிரம்மில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றும்போது இரண்டு பேரிங்கையும் சீலையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். வாட்டர் சர்வீஸுக்கு விடும்போது, ஆக்சில் பக்கம் ஜெட்டைக் காட்ட வேண்டாம் என்று அங்கிருக்கும் தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.