தீர்த்தத்தின் வழி காப்போம்

மூர்த்தி, தலம், தீர்த்தம் ஆகிய மூன்றும் சிறப்புற அமைந்த ஊரையே நம் முன்னோர் புண்ணியத் தலம் என்று போற்றினர். மூர்த்தியைப் பேண அர்ச்சகர் இருக்கிறார். தலத்தைக் காக்க மதிலும் கோபுரமும் இருக்கின்றன. தீர்த்தத்தைக் காக்கும் பொறுப்போ ஊராரிடமே விடப்பட்டிருக்கிறது. நீருக்குத் தெய்வப் பெயர் சூட்டியதே, அதனை மாசுபடுத்தவும் அடைக்கவும் மனிதன் அஞ்ச வேண்டும் என்பதற்காகத்தான் போலும்.

தில்லையின் பத்துத் தீர்த்தங்கள்

சிதம்பரத்துக்குரிய தீர்த்தங்கள் பத்து என்பது மரபு. திருக்கோயிலுக்குள் சிவகங்கைக் குளமும், சிற்சபைக்குக் கிழக்கே பரமானந்த கூபம் என்னும் கிணறும் உள்ளன. மேற்கே இளமையாக்கினார் கோயிலின் முன் வியாக்கிரபாத தீர்த்தம், அனந்தீசுவரர் கோயிலின் முன் அனந்த தீர்த்தம், அதற்கும் மேற்கே நாகசேரி. வடமேற்கே திருக்களாஞ்சேரியில் பிரம தீர்த்தம். வடக்கே தில்லைக்காளி கோயிலின் முன் சிவப்பிரியை, அதற்குத் தென்கிழக்கே திருப்பாற்கடல். நகரின் தெற்கே புலிமடு. வடகிழக்கே கிள்ளையை அடுத்த கடல்துறையில் குய்ய தீர்த்தம். திருநீலகண்ட நாயனாரும் அவர்தம் மனைவியாரும் கோலின் இரு முனைகளைப் பற்றி மூழ்கி, இளமை பெற்று எழுந்தது இளமையாக்கினார் திருக்குளத்தில்தான்.

இந்த அமைப்பில் பக்தியோடு நுட்பமும் இருக்கிறது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, கடலை ஒட்டிய சமவெளியில் அமைந்தது சிதம்பரம். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழையை வாங்கி வைக்கக் குளங்கள் இல்லையேல் தெருக்களே குளமாகும். மேலும், கடலோர மண்ணில் நல்ல நீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. குளத்திலிருந்து கசியும் நீர் நிலத்தடிக்குச் செல்லும்வரை உவர்நீர் தள்ளியே நிற்கும். ஊறுவது குறைந்து உறிஞ்சுவது மட்டும் மிகுந்தால், கடல் கிணற்றுக்குள் வந்துவிடும். முதலையே எடுத்துச் செலவிடுபவனுக்கு வட்டி எங்கிருந்து கிடைக்கும்?

ஆசாரியர் கண்ட ஏரி

காட்டுமன்னார்கோயில் நாதமுனிகள் அவதரித்த தலம். அதன் பழம்பெயர் வீரநாராயணபுரம். வீரநாராயணன் என்ற பட்டம் பெற்ற முதலாம் பராந்தக சோழனின் காலத்தில் உருவான ஏரியே இன்றைய வீராணம். அதன் 74 மதகுகளும் நாற்புறம் நீர் வழங்கி உயிர்களை வாழ்விப்பதைக் கண்ட இராமாநுசர், அருள்நீரும் அவ்வாறே எங்கும் பாய வேண்டுமென 74 சிம்மாசனாதிபதிகளை நியமித்தார் என்று வைணவ மரபு கூறும். அதே பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரியைப் பேணுவதற்கென்றே ‘ஏரி வாரியம்’ இருந்ததைத் தெரிவிக்கின்றன.

கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு கொணரும் நீரே வீராணத்தின் உயிர். இதன் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. 2004 முதல் சென்னையின் தாகத்தையும் இவ்வேரி தணித்து வருகிறது. ஆண்டுதோறும் படியும் வண்டல் இக்கொள்ளளவைக் குறைத்துக்கொண்டே வருகிறது.

கடலூரை அடுத்த திருவந்திபுரத்தில், பெருமாளின் தாகம் தீர்க்க ஆதிசேஷன் வாலால் பூமியை அடித்து நீர் வரவழைத்ததாகத் தலவரலாறு. அதுவே சேஷ தீர்த்தம். கருடன் கொணர்ந்த நீரே கெடிலமாயிற்று என்பர். ஊற்றும் ஆறும் இறைவனுக்கே தேவைப்பட்டன என்பது இக்கதையின் உட்பொருள்.

தில்லை வனத்தின் பாடம்

மாசிமகத்தன்று தெய்வங்கள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் கிள்ளையின் அருகே இருப்பது பிச்சாவரம். சிதம்பரத்தின் தலமரமான தில்லையை இன்று அங்குதான் காண இயலும். அந்த உப்பங்கழிகளில் கைகளால் தடவி இறால் பிடித்து வாழும் இருளர் குடிப் பெரியோர், நீர் ஏறும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் ஏடின்றிக் கற்றவர்கள். முற்காலத்தில் மரங்களைக் கூட்டங்கூட்டமாக வெட்டியதால் நிலம் தாழ்ந்து, கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, உப்பு மிகுந்து, காட்டின் பகுதிகள் கருகின. பின்னாளில் அறிவியலாளர்கள் அம்மக்களின் துணையோடு மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி நீரோட்டத்தை மீட்டனர். கன்றுகள் மீண்டும் தழைத்தன. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் வேகத்தைத் தணித்து, தன் பின்னிருந்த குடியிருப்புகளைக் காத்தது இந்த வனம்.

நீரின் வழி அடைபட்டால் வனமும் கருகும். வழி திறந்தால் மீளும். கோயில் குளத்துக்கும் இதுவே நியதி. படிக்கட்டைப் புதுப்பித்து வண்ணம் பூசியும், வரத்து வாய்க்காலை மறந்தால் குளம் வறண்டே கிடக்கும். நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கிராம வரைபடத்தில் வாய்க்கால் புறம்போக்கும் குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் மழைநீர் எந்தத் தெரு வழியே வந்து எந்த மூலையில் குளத்துக்குள் இறங்கியது என்பதைக் கண்ணால் கண்டவர்கள் ஊரின் முதியோர் மட்டுமே. அந்த நினைவு அவர்களோடு மறைந்துவிடலாகாது. பேரப்பிள்ளைகளின் கைப்பிடித்துச் சென்று அவ்வழியைக் காட்டுவதும், அதனை எழுதி ஊராரிடம் ஒப்படைப்பதும் தீர்த்த யாத்திரைக்கு நிகரான புண்ணியம்.

நீராடிய பழந்துணியையும் பூசைக் கழிவையும் குளத்தில் விடாதிருப்பது முதல் தொண்டு. நீர் வரும் வழியைத் திறந்து வைப்பது அடுத்த தொண்டு. இவ்விரண்டும் நிறைவேறும் ஊரில் தீர்த்தம் வற்றாது; இறையருளும் குறையாது.