ஜீவனாம்சம் யாருக்கு?

மனைவிக்குப் புருஷன் ஜீவனாம்சம் கொடுக்கும் செய்தி நமக்குப் புதிதல்ல. மனைவி புருஷனுக்குக் கொடுப்பதென்றால்? 1939-ஆம் வருஷம் மே மாதம் வெளியான "தியாக பூமி" என்னும் தமிழ்ப் படத்தில் ஜனங்கள் அந்த அதிசயத்தைக் கண்டார்கள். கதாநாயகி கோர்ட்டிலே நின்று, புருஷனோடு வாழ்வதற்கில்லை என்றும், வேண்டுமானால் அவனுக்கு ஜீவனாம்சம் கொடுக்கத் தயார் என்றும் சொல்லிவிட்டாள். கொட்டகையில் உட்கார்ந்திருந்த மாமனார் மாமியார்களுக்கு அப்போது எப்படி இருந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

படத்தை டைரக்ட் செய்தவர் கே. சுப்ரமண்யம், கதை கல்கியினுடையது. படக் காட்சிகளே சித்திரங்களாக அமைய, அது "ஆனந்த விகட"னில் தொடர்கதையாகவும் வந்தது. நெடுங்கரை சம்பு சாஸ்திரியின் பெண் சாவித்திரி, கல்கத்தாவில் உத்தியோகம் பார்க்கும் ஸ்ரீதரனுக்கு வாழ்க்கைப்படுகிறாள். நாகரிக மோகம் பிடித்த அவனுக்கு இந்தக் கிராமத்துப் பெண் வேண்டியிருக்கவில்லை. கர்ப்பிணியாய்ப் பிறந்தகம் திரும்பினால் அங்கே தகப்பனார் இல்லை. புயலில் வீடிழந்த ஹரிஜனங்களுக்குத் தம் மாட்டுக் கொட்டகையில் இடங்கொடுத்ததற்காக அக்கிரகாரத்தாரால் பகிஷ்கரிக்கப்பட்ட அந்த நல்ல மனிதர், ஊரைவிட்டே போய்விட்டார்.

சென்னையில் குழந்தை பிறக்கிறது. பாட்டுக் குரலைக் கொண்டு தகப்பனாரைக் கண்டுகொள்கிறாள் சாவித்திரி. ஆனால் எதிரே போய் நிற்கவில்லை. உறங்குகிறவரின் பக்கத்தில் சிசுவைக் கிடத்திவிட்டு மறைந்து விடுகிறாள். என்னைக் கேட்டால், படத்தின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பெண்ணைப் பறிகொடுத்த தகப்பன் விழித்துப் பார்க்கிறபோது, அவருக்கு மறுபடியும் ஒரு பெண் கிடைத்துவிடுகிறது. அது பேத்தி என்பதுதான் அவருக்குத் தெரியாது. பாபநாசம் சிவன் சாஸ்திரியாராகவும், எஸ். டி. சுப்புலட்சுமி சாவித்திரியாகவும் நடித்தார்கள். குழந்தை சாருவாக நடித்த பேபி சரோஜாவின் பெயரைத் தங்கள் பெண்களுக்குச் சூட்டிய குடும்பங்கள் அந்நாளில் ஏராளம்.

பம்பாய்க்குப் போன சாவித்திரிக்கு உறவினர் சொத்து வந்து சேருகிறது. சீமாட்டி உமாராணியாகத் திரும்பி வருகிறாள். அப்புறம் புருஷனுக்கு மனைவியின் அருமை தெரியக் கேட்பானேன்! தாம்பத்திய உரிமையைக் கோரி வழக்குத் தொடுக்கிறான்.

இது வெறுங் கற்பனை என்று யாரும் எண்ண வேண்டாம். பம்பாயில் ருக்மாபாய் என்ற பெண்மணிக்குப் பதினோரு வயதில் விவாகம் நடந்தது. வயது வந்தபின் புருஷன் வீடு செல்ல மறுத்தாள். அவன் வழக்காடினான். 1887-இல் கோர்ட்டார், புருஷனிடம் போ, இல்லையேல் ஆறு மாதம் சிறை என்று தீர்ப்பளித்தார்கள். சிறையே மேல் என்றாள் அவள். கடைசியில் 1888-இல் புருஷன் இரண்டாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டு விலகினான்! ருக்மாபாய் லண்டன் சென்று வைத்தியம் படித்து, டாக்டராகத் திரும்பி, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பல்லாண்டு பணி புரிந்தாள்.

அந்தத் தாம்பத்திய உரிமை வழக்கு 1955-ஆம் வருஷத்து ஹிந்து விவாகச் சட்டத்திலும் ஒன்பதாம் பிரிவாக இடம் பெற்றது. 1983-இல் ஆந்திர ஹைகோர்ட் அப்பிரிவு செல்லாதென்றது. மறு வருஷமே சுப்ரீம் கோர்ட் செல்லுமென்றது.

படத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. ருக்மாபாய் படித்து முன்னேறினாள். சாவித்திரிக்கோ செல்வம் ஆகாயத்திலிருந்து விழுந்தது. அது விழாதிருந்தால் கோர்ட்டில் அவள் குரல் அவ்வளவு கணீரென்று ஒலித்திருக்குமா? முடிவில் செல்வத்தைத் துறந்து, தேச சேவையில் இறங்கிச் சிறை புகுகிறாள். கண்கள் கலங்கத்தான் செய்கின்றன. ஆனாலும், சாதாரணமான ஒரு தெருவில், பணமுமில்லாமல் புருஷனுமில்லாமல், குழந்தையை வளர்த்துக்கொண்டு வாழும் சாவித்திரியை நாம் பார்ப்பதற்கில்லை.

படம் சில காலம் ஓடியபின் பிரிட்டிஷ் சர்க்கார் அதைத் தடை செய்தார்கள். தடை வருகிறதென்று தெரிந்ததும், சென்னை கெயிட்டி கொட்டகையில் இலவசமாகவே காட்டினார்கள், கூட்டம் தாங்கவில்லை. போலீஸார் தடியடி நடத்தினார்கள். சர்க்காரை உறுத்தியவை தேசியப் பாட்டுக்களும் ஊர்வலங்களுந்தான். உமாராணியின் கோர்ட்டு வாக்குமூலத்தில் அவர்கள் ஆபத்து ஒன்றையும் காணவில்லை போலும்.