பிறர் படைப்பும் நம் கைவண்ணமும்

இராசிபுரம் என்றதும் வெளியூரார்க்கு நெய்யும் பட்டும் நினைவுக்கு வரும். ஆங்கில இலக்கியம் பயின்றோர்க்கோ ஆர்.கே. நாராயண் நினைவுக்கு வருவார். அவர் பெயரின் முன்னெழுத்தாக நிற்கும் ‘ஆர்’ நம் இராசிபுரமே. அவர் பிறந்தது சென்னையில், நெடுங்காலம் வாழ்ந்தது மைசூரில். ஆயினும் முன்னோரின் ஊர் அவர் பெயரை விட்டு அகலவில்லை. கேலிச்சித்திரம் வரைந்து புகழ்பெற்ற அவர் தம்பி ஆர்.கே. லட்சுமணனுக்கும் அப்படியே. அந்த எழுத்தாளரின் நாவல் ஒன்றுக்கு நேர்ந்த கதை, இன்று கைப்பேசியில் பஸ் ஓட்டி விளையாடும் நம் மாணவியர்க்கும் அவர்தம் தம்பியர்க்கும் மிகவும் வேண்டிய செய்தி. நாவலுக்கும் பஸ் விளையாட்டுக்கும் என்ன உறவு என்கிறீர்களா? சற்றே பொறுங்கள்.

இந்தோனேசியாவின் மலேயோ என்னும் நிறுவனம் 2017இல் ஒரு பஸ் விளையாட்டை வெளியிட்டது. அதன் பெயர் ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அதை விளையாடாத பிள்ளைகள் குறைவு என்றே சொல்லலாம். அதில் வருபவை அந்நாட்டுப் பேருந்துகள். நம் பிள்ளைகளுக்கு அது போதுமா? சேலம், நாமக்கல் சாலையில் ஓடும் வண்டியின் நிறம் வேண்டும், கண்ணாடியில் எழுதிய பெயர் வேண்டும், காதைத் துளைக்கும் ஏர் ஹாரனும் வேண்டும். விளையாட்டில் அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். வண்டியின் வண்ணத்தை நாமே தீட்டிக்கொள்ளலாம். புதிய வண்டியின் உருவத்தையே செய்து சேர்க்கவும் இயலும். இப்படிச் சேர்க்கும் மாற்றத்தைத்தான் ‘மாட்’ என்கின்றனர்.

ஒரு மாட் பெரும்பாலும் ஒருவர் கைவேலையன்று. வண்டியின் உருவத்தைக் கணினியில் பல இரவுகள் கண்விழித்துச் செய்தவர் ஒருவர், அதற்கு வண்ணம் தீட்டியவர் மற்றொருவர், ஹாரன் ஒலியைப் பதிவு செய்தவர் வேறொருவர். வண்டியின் பக்கவாட்டில் எழுதிய பெயரும் சின்னமும் ஒரு பஸ் கம்பெனியுடையவை. நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளை நாம் பார்த்திருக்கிறோம். சேஸிஸ் ஒரு தொழிற்சாலையிலிருந்து வரும். பாடி கட்டுபவர், தச்சர், பெயின்டர் என்று பலர் கைபடும். ஒவ்வொருவர்க்கும் கூலி உண்டு. பட்டறையின் பெயரும் வண்டியின்மேல் ஏறும். மாட்டிலோ எல்லாம் ஒரே கோப்பாக வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்துவிடுகிறது. செய்தவர் முகம் கண்ணில் படாததால் அது யாருக்கும் சொந்தமில்லாத பொருள்போலத் தோன்றிவிடுகிறது. பிடித்த உருவத்தை எடுத்துச் சற்றே நிறம் மாற்றி, செய்தவர் பெயரை அழித்துத் தம் பெயரை எழுதிப் பரப்புவதும் நடக்கிறது.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் தாமே ஒன்றை எழுதியோ வரைந்தோ இசையமைத்தோ முடித்தவுடன் அதன்மேல் உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை. எட்டாம் வகுப்பு மாணவி வரைந்த வண்ணப் படத்துக்கும் அவ்வுரிமை உண்டு. எழுத்து, ஓவியம், இசை ஆகியவற்றில் படைத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும் அது நிலைக்கும். நாராயண் 2001இல் மறைந்தார். எனவே அவர் கதைகளின் உரிமை 2061ஆம் ஆண்டு முடியும்வரை நீடிக்கும்.

அவருடைய ‘தி கைடு’ நாவல் 1958இல் வெளிவந்தது. 1960இல் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றது. நடிகர் தேவ் ஆனந்த் அதைப் படமாக்கும் உரிமையை முறைப்படி நாராயணிடமே பெற்றார். இந்தியிலும் ஆங்கிலத்திலும் படம் எடுக்கப்பட்டது. ஆங்கிலப் படத்துக்குத் திரைக்கதை அமைத்தவர் நோபல் பரிசு பெற்ற பெர்ல் பக் அம்மையார். கதை நிகழும் ஊர் மால்குடி. நாராயண் தம் மனத்தில் கட்டிய சின்னஞ்சிறு தென்னிந்திய ஊர் அது. படக்குழுவினரை மைசூர்ப் பக்கத்து ஊர்களுக்கு அவரே அழைத்துச் சென்று காட்டினார். அவர்களோ ஜெய்ப்பூர், உதய்ப்பூர் என்று அரண்மனைகளை நாடிப் போய்விட்டனர். நாவலில் இல்லாத புலிச் சண்டை ஒன்றையும் படம்பிடித்தனர். நாராயண் வழக்குமன்றம் செல்லவில்லை, பேனாவை எடுத்தார். நகைச்சுவையும் மனவருத்தமும் கலந்து அவர் எழுதிய கட்டுரைக்கு, வழி தவறிப்போன வழிகாட்டி என்று பொருள்படும்படி தலைப்பு வைத்தார். 1965இல் வெளிவந்த இந்திப் படம் பெரும்புகழ் பெற்றது. அதன் கதைக்கான பிலிம்பேர் விருது யாருக்குக் கிடைத்தது தெரியுமா? நாராயணுக்கே! தம் கதையை மாற்றிவிட்டார்களே என்று வருந்தியவர் கையில் அந்தக் கதைக்கே விருது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அனுமதி கேட்கப்பட்டது, பணமும் தரப்பட்டது. ஆனால் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்னும் பேச்சில்தான் இரு தரப்பும் ஒத்துப்போகவில்லை. கையெழுத்து வாங்கியாயிற்று என்பதோடு வேலை முடிந்ததாகக் கருதுவது தவறு என்றே நாம் எண்ணுகிறோம். அதே நாராயணின் கதைகளை ஷங்கர் நாக் 1986இல் ‘மால்குடி டேஸ்’ என்று தொலைக்காட்சித் தொடராக்கினார். மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள ஆகும்பே என்ற சிற்றூர் மால்குடியாயிற்று. தம்பி லட்சுமணனின் கோட்டோவியங்கள் தொடரில் இடம்பெற்றன. எல். வைத்தியநாதன் இசையமைத்தார். கதையின் போக்கை விட்டு விலகாத அத்தொடரை நாராயண் மனமுவந்து பாராட்டினார். எழுத்தாளரும் அவரே, கற்பனை ஊரும் அதுவே. எடுத்தவர் காட்டிய மதிப்பில்தான் வேறுபாடு.

இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி அம்மையார் நீதிமன்றத்தின் கதவையே தட்டியவர். அவருடைய ‘ஆப் கா பண்ட்டி’ பெற்றோர் பிரிந்ததால் ஒரு சிறுவன் படும் துயரைச் சொல்லும் நாவல். அதைத் தழுவி எடுத்த படத்தில் தம் கதை உருக்குலைந்துவிட்டது என்று அவர் வழக்குத் தொடுத்தார். உரிமையை விற்றுவிட்ட பின்னும், தன் படைப்பைத் தன் மதிப்புக்குக் கேடு வரும்படி சிதைப்பதைத் தடுக்கும் உரிமை படைத்தவரிடமே இருக்கிறது என்று 1986இல் தில்லி உயர்நீதிமன்றம் விளக்கியது. சட்டத்தின் 57ஆம் பிரிவு கூறுவது அது. தன் படைப்பு தன்னுடையதே என்று உரிமை கோருவதும் அப்பிரிவில் அடங்கும். ஆகவே, மாட்டில் செய்தவர் பெயரை அழிப்பது வெறும் குறும்பன்று.

சரி, யாரிடம் கேட்பது? படைத்தவரிடம் என்பது முதல் விடை. ஆனால் உரிமை கைமாறியும் இருக்கலாம். பாரதியார் பாடல்களை இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பயன்படுத்தும் உரிமை 1940களில் ஏவி. மெய்யப்பரிடம் இருந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் 1948இல் வெளிவந்த ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாடலைச் சேர்த்தபோது அவரிடமிருந்து நோட்டீஸ் வந்தது. நாட்டுக்குப் பாடிய கவியின் பாடலுக்குத் தனியுரிமையா என்று தமிழகம் கிளர்ந்தெழுந்தது. மெய்யப்பர் பணம் ஏதும் பெறாமல் விட்டுக்கொடுத்தார். 1949இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் அரசு பாரதி நூல்களின் உரிமையைக் கையகப்படுத்தியது. இன்று பாரதியை எவரும் பாடலாம், அச்சிடலாம். பெயரை மட்டும் மறவாதிருந்தால் போதும்.

விளையாட்டு உலகிலும் இத்தகைய பூசல் எழுந்ததுண்டு. ‘ஸ்கைரிம்’ என்ற புகழ்பெற்ற விளையாட்டின் மாட்களை விலைக்கு விற்கும் திட்டம் 2015 ஏப்ரலில் தொடங்கியது. மீன்பிடிக்கும் மாட் ஒன்றும் விற்பனைக்கு வந்தது. அதற்குள், வேறொருவர் இலவசமாக அளித்திருந்த அசைவுப் படங்கள் பயன்பட்டிருந்தன. ‘இலவசமாகத் தந்தது விற்பதற்கா?’ என்ற கேள்வி எழவே, அந்த மாட் திரும்பப் பெறப்பட்டது. சில நாட்களில் திட்டமே கைவிடப்பட்டது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய இட்லிப் பானையில் நம் வீட்டுக்குச் சமைக்கலாம். அதை வைத்துக் கடை போடுவதென்றால் மறுபடி கேட்கத்தானே வேண்டும்?

எனவே அனுமதி கேட்கும் கடிதம் தெளிவாக இருக்க வேண்டும். ‘உங்கள் மாட்டைப் பயன்படுத்தலாமா?’ என்ற ஒற்றை வரி போதாது. எந்தப் பகுதி வேண்டும், அதில் என்ன மாற்றம் செய்யப்போகிறோம், எங்கே வெளியிடுவோம், இலவசமா விலைக்கா, அவர் பெயரை எங்கே எழுதுவோம் என்று ஒவ்வொன்றாகக் குறிப்பிட வேண்டும். அவரும் பிறரிடம் பெற்றுச் சேர்த்தது ஏதேனும் உண்டா என்பதையும் கேட்டறிவது நல்லது. ஏனெனில் தம்முடையதல்லாத ஒன்றுக்கு அவர் அனுமதி தர இயலாது. பலர் தம் மாட்டோடு ஒரு குறிப்பும் இணைத்திருப்பர். மாற்றலாம், வேறிடத்தில் ஏற்றக்கூடாது, விற்கக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். முதலில் அதைப் படித்துவிட்டால் கடிதமே தேவைப்படாமலும் போகலாம். விளையாட்டை வெளியிட்ட நிறுவனத்தின் விதிகளும் உண்டு, அவற்றையும் பார்க்க வேண்டும்.

பதில் வராவிட்டால்? மௌனம் சம்மதம் என்பது இங்கே செல்லாது. மறுமுறை எழுதலாம், காத்திருக்கலாம். இல்லையேல் நாமே செய்துகொள்ளலாம். பஸ்ஸின் வண்ணம்தானே, ஒரு சனிக்கிழமை போதும்! வந்த பதிலை, அது ஒரு வரியானாலும், அழிக்காமல் வைத்திருப்பது முக்கியம்.

கேட்டுச் செய்தவர்க்கு வாழ்வு மலர்ந்ததும் உண்டு. ‘ஹாஃப் லைஃப்’ என்ற விளையாட்டுக்கு 1999இல் இரு இளைஞர் செய்த மாட்தான் ‘கவுன்ட்டர் ஸ்ட்ரைக்’. மாட் செய்ய இடங்கொடுத்திருந்த வால்வ் நிறுவனமே அடுத்த ஆண்டு அதன் உரிமையை வாங்கி, செய்தவர்களை வேலைக்கும் அமர்த்திக்கொண்டது.

பெற்றோர் சிலர்க்கு ஓர் ஐயம் எழலாம். பள்ளி விழாவில் பிறர் நாடகத்தை நடிக்கிறார்களே, அதற்கும் அனுமதி வேண்டுமா என்று. ஆசிரியர், மாணவியர், பெற்றோர் ஆகியோர் மட்டும் கூடிய அவையில் பள்ளி நிகழ்ச்சியாக மாணவியர் நடிப்பதற்குச் சட்டம் விலக்கு அளித்திருக்கிறது. அதைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றிவிட்டால் பார்ப்பவர் உலகத்தார் அனைவரும் ஆகிவிடுகின்றனர். அந்த விலக்கு அவ்வளவு தூரம் கூட வராது. ஆகவே நாடகத்துக்கு ஒத்திகை தொடங்கும் வாரத்திலேயே எழுத்தாளர்க்கோ பதிப்பகத்தார்க்கோ ஒரு கடிதம் போட்டுவிடுவது நன்று. விழா நாளுக்குள் பதில் வந்து சேர அவகாசமும் இருக்கும்.